சிற்றூர் மோட்டல்களில் குறைந்த செலவில் தங்க: டாலஸிலிருந்து கிராண்ட் கேன்யன், அப்பா அம்மாவுடன்

தென்றல்77

வணக்கம். அக்டோபர் முதல் சனிக்கிழமை காலை டாலஸிலிருந்து காரில் கிளம்புகிறோம். நான், கணவர், எட்டு வயது மகன், திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் என் அப்பா, அம்மா. அப்பாவுக்கு 71 வயது. சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு முழங்கால் வலி. அமரில்லோ, ஆல்புகர்க்கி வழியாக கிராண்ட் கேன்யன் போய், திரும்பும் வழியில் ஒயிட் சாண்ட்ஸும் கார்ல்ஸ்பாட் குகையும் பார்த்துவிட்டு வர எண்ணம். மொத்தம் எட்டு இரவுகள்.

ஓர் இரவுக்கு வரியோடு 90 டாலருக்குள் முடித்தாக வேண்டும். விமான டிக்கெட்டும் மருத்துவக் காப்பீடும் போக எங்களிடம் மிஞ்சியிருப்பது அவ்வளவுதான். ஆனால் ஆல்புகர்க்கியில் சாதாரண மோட்டலே 200 டாலருக்கு மேல் காட்டுகிறது. கார்ல்ஸ்பாடும் ஏறக்குறைய அப்படித்தான். சின்ன ஊர்களில் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். மலிவு அறை எப்படி இருக்குமோ என்ற பயமும் இருக்கிறது. வாழ்க்கையில் முதன்முறையாக வெளிநாடு வந்திருக்கும் அம்மாவை அழுக்கு அறையில் படுக்கவைக்க எனக்கு மனம் வராது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

நெடுவழி

தென்றல், முதலில் தேதியைப் பாருங்கள். ஆல்புகர்க்கியில் அந்த வாரம் பலூன் திருவிழா. 1972இல் 13 பலூன்களோடு தொடங்கியது. இன்று அக்டோபர் தொடக்கத்தில் ஒன்பது நாள் நடக்கிறது, பல நூறு பலூன்கள் பறக்கின்றன. உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து குவிவார்கள். அந்த நாட்களில் ஆல்புகர்க்கியில் மலிவு அறை தேடுவது, கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் அறை தேடுவதைப் போன்றது. எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பயன் இல்லை.

கார்ல்ஸ்பாடின் கதை வேறு. அந்த ஊர் பெர்மியன் எண்ணெய் வயலின் விளிம்பில் இருக்கிறது. எண்ணெய்க் கிணற்று வேலையாட்களை வாரக்கணக்கில் மோட்டல்களில் தங்கவைக்கிறார்கள். அதனால் சுற்றுலா ஊர்களுக்கு நேர் எதிராக, வார நாட்களில் அறை கிடைப்பது கடினம். வேலையாட்கள் வீட்டுக்குப் போகும் வாரக்கடைசியில்தான் விலை கொஞ்சம் இறங்கும். நீங்கள் வார நாளில் போய்ச் சேர்ந்தால் 75 மைல் வடக்கே இருக்கும் ராஸ்வெல்லில் தங்குங்கள்.

இருபது ஆண்டுகளாக இந்தச் சாலைகளில் ஓடியதில் எனக்குப் பழகிப்போன முறை இது: எந்த ஊரில் தங்குவது என்று முடிவுசெய்த பிறகுதான் அறையைத் தேடுவேன். ஊரின் பெயரையும் தேதியையும் போட்டு அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்பேன். ஆகஸ்ட் முதல் பாதியில் தெற்கு டகோட்டாவின் ஸ்டர்ஜிஸ் பக்கம் மோட்டார் சைக்கிள் திருவிழா. அதே மாநிலத்தில் அக்டோபர் நடுவில் காட்டுக்கோழி வேட்டைக்காரர்கள். பல்கலைக்கழக ஊர் என்றால் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை. இவற்றில் ஒன்று மாட்டிக்கொண்டால் 60 டாலர் அறை 180 ஆகும். ஐம்பது மைல் தள்ளியிருக்கும் ஊரில் அதே அறை அதே 60க்குக் கிடைக்கும்.

உங்களுக்கு என் யோசனை: முதல் இரவு டுகம்காரி. டாலஸிலிருந்து 475 மைலுக்குப் பக்கம், நீண்ட நாள்தான். ஆனால் நியூ மெக்சிகோவுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அது கைகொடுக்கும். ஐயாயிரம் பேர் வாழும் ஊர் அது. ரூட் 66 என்ற பழைய நெடுஞ்சாலை பரபரப்பாக இருந்த நாட்களில் 'டுகம்காரி டுநைட், 2000 மோட்டல் அறைகள்' என்று நூற்றுக்கணக்கான மைல்களுக்கு முன்பிருந்தே விளம்பரப் பலகை வைத்து அழைத்த ஊர். மறுநாள் ஆல்புகர்க்கியில் நிற்காமல் தாண்டி, 140 மைல் மேற்கே காலப்பில் தங்குங்கள். திரும்பும்போது ஒயிட் சாண்ட்ஸுக்கு அலமொகோர்டோ; பூங்காவிலிருந்து 15 மைல்தான்.

மலர்_ஆஸ்டின்

ஐந்து பேர் என்பதை எல்லோரும் கவனியுங்கள். இரண்டு பெரிய கட்டில் போட்ட அறைக்கு நான்கு பேர்தான் கணக்கு. அதோடு மோட்டல்கள் பெரும்பாலும் இரண்டு மாடி, வெளிப்புறப் படிக்கட்டு, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ளவருக்குக் கீழ்த்தள அறை வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, குளியல் தொட்டி. விளிம்பு முழங்கால் உயரம் இருக்கும். என் மாமியார் அதைத் தாண்டிக் காலை வைக்கும்போது வழுக்கி விழுந்து, பயணத்தின் மீதி நாட்கள் முழுவதும் காரிலேயே உட்கார்ந்திருந்தார். தொட்டி இல்லாமல் நடந்து உள்ளே போகும் ஷவர் உள்ள அறை இருக்கிறதா என்று கேளுங்கள். சக்கர நாற்காலிக்காரர்களுக்கான அறைகளில் கைப்பிடிக் கம்பியும் இருக்கும்.

கொங்குத்தம்பி

அக்கா, நான் செய்வதைச் சொல்கிறேன். நான்கு பேர் என்றே பதிவுசெய்யுங்கள். ஒருவர் காரில் இருந்துவிட்டுப் பிறகு உள்ளே போகலாம், யாரும் எண்ணப்போவதில்லை. முன்பதிவும் வேண்டாம், மாலை ஆறு மணிக்கு மேல் செயலியில் பார்த்தால் காலி அறைகளை விலை குறைத்துத் தள்ளிவிடுவார்கள். பெரும்பாலான சிறு மோட்டல்கள் குஜராத்திகளுடையவை. நாமும் இந்தியர்தான் என்று சொல்லிப் பேரம் பேசினால் பத்து டாலராவது குறையும்.

முன்மேசை

தம்பி, நானும் என் கணவரும் கான்சாஸில் 28 அறைகள் கொண்ட ஒரு மோட்டலை ஒன்பது ஆண்டுகள் நடத்தினோம். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆட்களை ஒளித்துக் கூட்டிப்போவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். தீப்பிடித்தால் எந்த அறையில் எத்தனை பேர் என்ற பட்டியலைத்தான் தீயணைப்பு வீரர்கள் கேட்பார்கள். எட்டு வயதுக் குழந்தை உள்ள குடும்பம் ஐந்து பேர் என்று உள்ளதைச் சொன்னால், பல இடங்களில் மடக்குக் கட்டில் போட்டுத் தருவார்கள். பழைய குடும்ப மோட்டல்களில் நடுவில் கதவு வைத்த இரட்டை அறையும் சிலவேளை இருக்கும். இணையதளத்தில் அது கண்ணில் படாது. கேட்டால்தான் தெரியும்.

கேட்பதற்கும் நேரம் இருக்கிறது. காலை பதினொரு மணிக்கு எல்லோரும் அறையைக் காலிசெய்வார்கள், மூன்று மணிக்குப் புதியவர்கள் வரத் தொடங்குவார்கள். இடைப்பட்ட நேரத்தில் பகல் ஒரு மணி, ஒன்றரைக்குத் தொலைபேசியில் அழையுங்கள். உரிமையாளரே எடுப்பார், நிதானமாகப் பேசுவார். இணையதளம் வழியாக வரும் ஒவ்வொரு பதிவுக்கும் நாங்கள் கமிஷன் கட்டினோம். நேராக அழைத்தவருக்கு அதில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொடுப்பதில் எங்களுக்கு நட்டம் இல்லை. 'இணையத்தில் இந்த விலை பார்த்தேன், உங்களிடமே பதிவுசெய்தால் என்ன விலை?' என்ற ஒரு கேள்வி போதும். ஏஏஏ (அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம்) உறுப்பினர் தள்ளுபடி, முதியோர் தள்ளுபடி உண்டா என்றும் கேளுங்கள். உங்கள் அப்பாவின் வயதுக்குக் கிடைக்கக்கூடும். எங்களிடம் நேராகப் பதிவுசெய்தவருக்குத் தேதி மாற்றிக்கொடுப்பதும் எளிது. மூன்றாவது ஆளிடம் பணம் கட்டிவிட்டு வருகிறவருக்கு நாங்கள் விரும்பினாலும் திருப்பித் தர முடியாது, பணம் எங்கள் கையில் இருக்காது. அதைப் புரியவைப்பதற்குள் நள்ளிரவில் எத்தனை சண்டைகள்!

எந்த அறை என்றும் கேட்டு வாங்குங்கள். கீழ்த்தளம், நெடுஞ்சாலைக்குப் பின்பக்கம், ஐஸ் இயந்திரத்துக்கும் துணி துவைக்கும் அறைக்கும் தள்ளி, புகைபிடிக்காத அறை, நாய் பூனை தங்காத அறை. இவ்வளவையும் கேட்பவர் மேல் நாங்கள் ஒருநாளும் எரிச்சல்பட்டதில்லை.

இனி பேரம். குஜராத்திகள் இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தார்கள் என்று தெரிந்தால் நீங்கள் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். 1940களில் காஞ்சி மஞ்சு தேசாய் என்பவர் கலிபோர்னியாவில் விடுதி நடத்தத் தொடங்கி, வந்தவர்களையெல்லாம் அதே தொழிலுக்கு அழைத்தார். 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகும், 1972இல் உகாண்டாவின் அதிபர் இடி அமீன் அங்கிருந்த இந்தியர்களை விரட்டிய பிறகும் வந்த குடும்பங்கள், நெடுஞ்சாலை இடம் மாறியதால் படுத்துப்போன மோட்டல்களை உறவினர்களிடம் கைமாற்று வாங்கி வாங்கின. மேசைக்குப் பின்னாலேயே குடியிருந்தார்கள். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து போர்வை மடித்தார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் காப்பீடு தர மறுத்தன, வங்கிகள் கடன் தர மறுத்தன. பக்கத்து மோட்டல்காரர்கள் 'அமெரிக்கர் நடத்துவது' என்று பலகை வைத்தார்கள். அதை எதிர்த்துத்தான் 1989இல் ஆசிய அமெரிக்க விடுதி உரிமையாளர் சங்கம் அட்லாண்டாவில் தொடங்கியது. இன்று அமெரிக்காவின் விடுதிகளில் பாதிக்கு மேல் அவர்கள் கையில். அப்படி வளர்ந்த குடும்பத்திடம் போய், நம் ஆள் என்பதற்காக விலையைக் குறை என்று கேட்கக் கூடாது. வெள்ளைக்காரரிடம் கேட்பதைப் போலவே தள்ளுபடி கேளுங்கள், கொடுத்தால் வாங்குங்கள்.

கொங்குத்தம்பி

அக்கா, பலகை வைத்த செய்தி எனக்கு இதுவரை தெரியாது. எழுதியதற்கு வருந்துகிறேன். ஆட்களை ஒளிப்பது பற்றியும் நீங்கள் சொல்வது சரி, தீ விபத்தை நான் யோசிக்கவே இல்லை. கடைசி நேரப் பதிவை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தனி ஆளாக, எந்த ஊரிலும் தங்கலாம் என்ற மனநிலையில் போகிறவருக்கு அது நல்ல வழி.

நெடுவழி

தனி ஆளுக்குச் சரி. மூத்தவர்களோடு அடுத்த ஊர் அறுபது மைலில் இருக்கும் நாட்டில் இருட்டிய பிறகு அறை தேடுவது வேண்டாம். மாலை ஆறு மணி வரை கட்டணமின்றி ரத்துசெய்யலாம் என்ற நிபந்தனையோடு பதிவுசெய்துகொள்ளுங்கள். தாமதமாகப் போய்ச் சேர்வீர்கள் என்றால் அழைத்துச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வரவில்லை என்று அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும்.

வெண்ணிலா_ஓஹாயோ

சொல்ல வேண்டும் என்றே வந்தேன். அறையில் ஊதுவத்தி கொளுத்த வேண்டாம் என்று அம்மாவிடம் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். என் அம்மா வெள்ளிக்கிழமை காலை கற்பூரம் காட்டினார். புகை அலாரம் அலறி எல்லா அறைக்காரர்களும் வெளியே வந்துவிட்டார்கள். அதோடு, புகைபிடித்ததற்கான சுத்தப்படுத்தும் கட்டணம் என்று 150 டாலரை அட்டையில் பிடித்துக்கொண்டார்கள். பணம் போனதைவிட, பூஜையைக் குற்றம் போல நடத்தினார்களே என்று அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. பேட்டரி விளக்கு ஒன்று எடுத்துப்போங்கள்.

அறையில் மைக்ரோவேவும் சின்னக் குளிர்சாதனப் பெட்டியும் பெரும்பாலும் இருக்கும். வெந்நீர்க் கெட்டில் இருக்காது, கையோடு கொண்டுபோங்கள்.

கணக்கன்

பணம் பற்றி மூன்று விஷயங்கள்.

2025 மே 12 முதல் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் புதிய விதி நடப்பில் இருக்கிறது. 'ரிசார்ட் கட்டணம்' போன்ற கட்டாயக் கட்டணங்களைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்துவைக்காமல் முதலிலேயே மொத்த விலையில் சேர்த்துக் காட்ட வேண்டும். ஆனால் அரசு வரிகளைக் கடைசியில் சேர்க்கலாம். டெக்ஸஸில் மாநில வரி மட்டும் 6 சதவீதம், அதற்கு மேல் ஊர் வரி. 90 டாலர் உங்கள் எல்லை என்றால் 78, 80 டாலருக்குள் தேடுங்கள்.

டெபிட் அட்டை கொடுக்காதீர்கள். உள்ளே நுழையும்போது முன்வைப்பாக 50, 100 டாலரை வங்கி நிறுத்திவைக்கும். விடுவிக்கப் பல நாட்கள் ஆகும். எட்டு இரவு, எட்டு மோட்டல் என்றால் கணக்கில் உள்ள பணம் முடங்கிவிடும்.

முன்மேசை அவர்கள் சொன்னபடி அழைக்கும்போது, எடுப்பது மோட்டல்தானா என்று உறுதிசெய்யுங்கள். தேடலில் முதலில் வரும் எண் பல நேரம் எங்கோ இருக்கும் பதிவு நிலையத்தினுடையது. மோட்டலின் பெயரைச் சொல்லித்தான் எடுப்பார்கள். 'வரவேற்பறை ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது?' என்று நான் கேட்பேன். உடனே பதில் வராவிட்டால் வைத்துவிடுவேன்.

மலர்_ஆஸ்டின்

அழுக்கு அறை பயத்துக்கு: பலகையில் உள்ள பெயரை நம்பாதீர்கள். சங்கிலி மோட்டல்களில் பெரும்பாலானவை தனித்தனி உரிமையாளர்களுடையவை. ஒரே பெயர், ஓர் ஊரில் பளிச்சென்று இருக்கும், அடுத்த ஊரில் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வர வைக்கும். கடந்த மூன்று மாத மதிப்புரைகளை மட்டும் படியுங்கள். உரிமையாளர் மாறினால் எல்லாமே மாறும். காலை உணவு சரியில்லை என்று திட்டியவர்களை விட்டுவிடுங்கள். பூட்டு, மூட்டைப்பூச்சி, வாடை ஆகிய மூன்றில் ஒன்றை இரண்டு பேர் சொல்லியிருந்தால் அந்த இடம் வேண்டாம்.

போனதும் பெட்டிகளைக் குளியலறைத் தரையில் வைத்துவிட்டு, தலைமாட்டுப் பக்கம் விரிப்பை உரித்து மெத்தையின் தையல் ஓரத்தைக் கைப்பேசி விளக்கில் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போல் கரும்புள்ளிகள் இருந்தால் அந்த நிமிடமே அறை மாற்றக் கேளுங்கள், பக்கத்து அறையாக இல்லாமல். எல்லாம் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். மெத்தையைப் பார்க்கும் வரை அம்மாவை வெளியே நாற்காலியில் உட்காரவைத்துவிடுங்கள். நீங்கள் தேடுவதைப் பார்த்தாலே அவருக்குத் தூக்கம் வராது.

வெயில்நிலம்

ஃபீனிக்ஸில் இருக்கிறேன், கிராண்ட் கேன்யன் பக்கம் அடிக்கடி போகிறவன். பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பின் வாசலிலேயே இருக்கும் டுசாயனில் உங்கள் தொகைக்கு அறை கிடைக்காது. எல்லோரும் 60 மைல் தெற்கே இருக்கும் வில்லியம்ஸைச் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது, சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு 64ஆம் எண் சாலையில் இருட்டில் திரும்பும் அந்த ஒரு மணி நேரம். எல்க் மான்கள் குறுக்கே வரும். ஒவ்வொன்றும் எருமை அளவு. ஒருநாள் மாலை எனக்கு முன்னால் போன வண்டியின் மேல் ஒன்று விழுந்ததைப் பார்த்தேன். ஆகவே வில்லியம்ஸில் தங்குகிறவர்கள் அஸ்தமனத்தை விட்டுவிட்டு அதிகாலைக்குப் பிறகு போய்ப் பகலில் பார்த்து, வெளிச்சத்தில் திரும்புங்கள்.

குளிரும் உண்டு. விளிம்பு ஏறக்குறைய 7,000 அடி உயரம், அக்டோபர் இரவில் உறைநிலைக்குப் போகும். வில்லியம்ஸும் அப்படித்தான். உள்ளே நுழைந்ததும் ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள். நள்ளிரவில் வேலை செய்யவில்லை என்றால் மாற்ற அறை இருக்காது.

காலப்புக்கும் வில்லியம்ஸுக்கும் நடுவில் ஹோல்புரூக்கில் ஓர் இரவு தங்கலாம். கல்மரக் காட்டுப் பூங்கா பக்கத்தில். மாலையில் வாயிலைப் பூட்டிவிடுவார்கள், முன்பே போய்விடுங்கள். அந்த ஊரில் 1950இல் கட்டிய விக்வாம் மோட்டல் இருக்கிறது. கூம்புக் கூடாரம் போல் கான்கிரீட்டில் பதினைந்து அறைகள், வாசலில் பழைய கார்கள். ஐந்து பேருக்கு இடம் போதாது, பையனுக்கு வெளியிலிருந்து காட்டுங்கள்.

ஒரே எச்சரிக்கை: காலப், ஹோல்புரூக், வின்ஸ்லோ எல்லாமே ரயில் பாதை ஓரத்து ஊர்கள். சிகாகோவையும் லாஸ் ஏஞ்சலஸையும் இணைக்கும் சரக்குப் பாதை, இரவு முழுவதும் வண்டி ஓடும். தண்டவாளத்திலிருந்து தள்ளிய அறையாகக் கேளுங்கள்.

தென்றல்77

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று பகல் ஒரு மணிக்கு உட்கார்ந்து எட்டு இடங்களுக்கும் நானே அழைத்தேன். பயந்துகொண்டே தொடங்கினேன், மூன்றாவது அழைப்பில் பழகிவிட்டது. டுகம்காரியில் நடுக்கதவு வைத்த இரட்டை அறை உண்மையாகவே கிடைத்தது. ஜன்னல் கேள்விக்கு அவர் சிரித்துக்கொண்டே, எதிரே பூட்டிய பெட்ரோல் பங்கும் அதற்கு மேல் வானமும் என்றார்.

வெயில்நிலம் அவர்களின் எச்சரிக்கையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தண்டவாளத்துக்கு எவ்வளவு பக்கத்தில் அறை கிடைக்குமோ அவ்வளவு பக்கத்தில் போடச் சொல்லிவிட்டார்.

தென்றல்77 (பயணம் முடிந்து)

வந்துவிட்டோம். எட்டு இரவுக்கும் வரியோடு 748 டாலர். நினைத்ததைவிட 28 டாலர் கூடுதல்; அது வில்லியம்ஸில் போனது. காலப்பில் முதலில் கொடுத்த அறையில் சிகரெட் வாடை அடித்தது, சொன்னதும் மாற்றிக்கொடுத்தார்கள். மெத்தைச் சோதனையை எட்டு ஊரிலும் செய்தேன், எங்கும் எதுவும் இல்லை. ராஸ்வெல்லில் நடந்து நுழையும் ஷவர் இருந்ததில் அம்மாவுக்கு இருந்த மகிழ்ச்சியை, குகையைப் பார்த்தபோதுகூட நான் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு ஹோல்புரூக். அறைக்கு வெளியே இரும்பு நாற்காலி, எதிரே கொஞ்ச தூரத்தில் தண்டவாளம். இருட்டும் வரை உட்கார்ந்து பெட்டிகளை எண்ணினார். ஒரு வண்டியில் 118 என்றார், பையன் 121 என்று வாதாடினான். கடைசிப் பெட்டி போனதும் அப்பா எழுந்து நின்று பார்த்தார். கார்டு வண்டி இல்லை. இணைப்பில் மாட்டிய சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்துகொண்டு போனது. 1980களிலேயே இங்கே கார்டு வண்டியை எடுத்துவிட்டார்கள் என்று என் கணவர் சொன்னார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த வண்டி வந்தபோது இஞ்சினைப் பார்க்காமல், அதன் வால் வரும் திசைக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.